நலம் தரும் நல்லுறக்கம்

திருக்கோயில்களில் ஒரு நாளைய வழிபாடு திருப்பள்ளியெழுச்சியில் தொடங்கிப் பள்ளியறை வழிபாட்டில் நிறைவு பெறுகிறது. வைகறைப் பொழுதில் மங்கல இசை ஒலிக்க இறைவனைத் துயிலெழுப்புகின்றனர். இரவில் அர்த்தசாம வழிபாடு முடிந்தபின் அவனைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்து, பாலமுது படைத்து, நடை சாத்துகின்றனர். மதுரை அருள்மிகு மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயிலில் நாள்தோறும் இரவில் சொக்கநாதப் பெருமானின் திருவடிகள் பல்லக்கில் அம்மையின் பள்ளியறைக்கு எழுந்தருளுகின்றன. திருமலையில் வேங்கடவனுக்கு நிகழும் இரவு வழிபாடு ஏகாந்த சேவை எனப்படுகிறது. திருவரங்கத்திலோ பெருமாள் அரவணையின்மீது பள்ளிகொண்ட கோலத்திலேயே அடியார்களுக்குக் காட்சி தருகிறார். அவரது துயிலை ‘அறிதுயில்’ என்று பெரியோர் போற்றுவர்.

எங்கும் நிறைந்த இறைவனுக்கு உறக்கமும் இல்லை, சோர்வும் இல்லை. ஆயினும் நீராட்டுதல், அணிவித்தல், அமுது படைத்தல் ஆகியவற்றைப் போலவே துயில்கொள்ளச் செய்தலையும் நம் முன்னோர் ஓர் உபசாரமாக வகுத்தனர். மனித வாழ்வுக்கு இன்றியமையாதவை எவையெவை என்று அவர்கள் கருதினார்களோ அவற்றையெல்லாம் அன்பினால் ஆண்டவனுக்கும் செய்து மகிழ்ந்தனர். அந்த வரிசையில் உணவுக்கு நிகரான இடம் உறக்கத்திற்கும் தரப்பட்டிருப்பது எண்ணத்தக்கது.

இன்றைய வாழ்வில் அந்த இடம் உறக்கத்திற்கு இல்லை. பணி மிகுந்தால் முதலில் குறைக்கப்படுவது உறக்கமே. தேர்வு வந்தால் மாணவர் உறக்கத்தைத் துறக்கின்றனர். தொலைக்காட்சியும் கைப்பேசியும் நள்ளிரவு வரை கண்களை மூடவிடுவதில்லை. குறைவாக உறங்குவோரைச் சுறுசுறுப்பானவர் எனப் பாராட்டும் வழக்கமும் பரவியுள்ளது. இப்படிக் குறைக்கப்படும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் உடல் ஒரு விலை கொடுக்கிறது. அந்த விலை யாது என்பதையும், நல்லுறக்கத்தைப் பெறும் வழி யாது என்பதையும் அறிந்துகொள்வது ஒவ்வொருவருக்கும் நன்மை பயக்கும்.

முன்னோர் கண்ட உண்மை

உடல் என்னும் இல்லத்தைத் தாங்கும் மூன்று துணைத் தூண்களாக உணவு, உறக்கம், புலனடக்கம் ஆகியவற்றை ஆயுர்வேத நூலாகிய சரக சங்கிதை குறிப்பிடுகிறது. உறக்கம் முறையாக அமைந்தால் உடல் வலிமையும் அறிவுத் தெளிவும் வளரும் என்பதும், முறை தவறினால் அவை குன்றும் என்பதும் அந்நூலின் கருத்தாகும்.

பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் தியானத்தைப் பற்றி விளக்கும் கண்ணபிரான், மிகையாக உறங்குபவனுக்கும் உறங்காமலேயே விழித்திருப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்கிறார். மிகுதியும் குறைவும் இல்லாத அளவான உறக்கமே துன்பத்தைப் போக்கும் யோகத்திற்குத் துணை என்பது அவர் காட்டும் வழி. உடல் நலத்திற்கு மட்டுமின்றி உள்ளம் ஒருமைப்படுவதற்கும் உறக்கம் வேண்டும் என்பதை இதனால் உணரலாம். உறக்கம் கெட்டவர் சந்நிதியில் நின்றாலும் மனம் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பது பலரும் அறிந்த அனுபவமே.

உறங்கும் பொழுது நிகழ்வது யாது?

உறங்கும்போது உடலும் மூளையும் செயலற்றுக் கிடக்கின்றன என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1924-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையில் எழும் மெல்லிய மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். அதன்பின் உறங்குவோரின் மூளையை ஆராயும் வழி பிறந்தது. 1953-ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் அசெரின்ஸ்கி, நத்தானியேல் கிளைட்மன் என்னும் அறிஞர்கள், உறக்கத்தின் இடையிடையே மூடிய இமைகளுக்குள் கண்விழிகள் விரைந்து அசைகின்றன என்பதையும், அவ்வேளையில் எழுப்பப்படுவோர் பெரும்பாலும் கனவு கண்டதாகக் கூறுகின்றனர் என்பதையும் கண்டறிந்து வெளியிட்டனர்.

உறக்கம் பல படிகளைக் கொண்டது. முதலில் மெல்லுறக்கம், அடுத்து ஆழ்ந்த உறக்கம், பின்னர்க் கனவு நிலை. இம்மூன்றும் சேர்ந்த ஒரு சுற்று ஏறத்தாழ 90 நிமிடம் நீடிக்கும். ஓர் இரவில் நான்கு முதல் ஆறு சுற்றுகள் அமைகின்றன. இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த உறக்கமும், விடியலை ஒட்டிய பிற்பகுதியில் கனவு நிலையும் மிகுதியாக இருக்கும்.

ஆழ்ந்த உறக்கத்தில் இதயத் துடிப்பு மெதுவாகிறது. இரத்த அழுத்தம் தணிகிறது. பகல் முழுவதும் உழைத்த இதயத்திற்கும் இரத்தக் குழாய்களுக்கும் இதுவே ஓய்வு வேளை. வளர்ச்சிக்குரிய இயக்குநீர் இவ்வேளையில் மிகுதியாகச் சுரக்கிறது. குழந்தைகள் வளர்வதற்கும், பெரியோரின் தசைகளும் திசுக்களும் சீர்பெறுவதற்கும் அது துணைபுரிகிறது. பகலில் கற்றவையும் கண்டவையும் மூளையில் நிலைபெறுவது உறக்கத்திலேயே நிகழ்கிறது. கனவு நிலை உறக்கமோ மனத்தின் கொந்தளிப்புகள் தணியத் துணையாகிறது.

மூளையின் கழிவுகளைப் பற்றிய ஓர் ஆய்வும் இங்குக் குறிப்பிடத்தக்கது. 2013-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்டு என்னும் அறிஞரின் குழுவினர் எலிகளை ஆராய்ந்தனர். உறக்கத்தின்போது மூளைச் செல்களுக்கு இடைப்பட்ட வெளி விரிவதையும், அதன் வழியே நீர்மம் பாய்ந்து கழிவுப் பொருள்களை விரைந்து அகற்றுவதையும் அவர்கள் தெரிவித்தனர். மனிதரிடத்தில் இச்செயல் எவ்வாறு அமைகிறது என்னும் ஆராய்ச்சி தொடர்ந்து நடைபெறுகிறது. இரவில் நடை சாத்தியபின் திருக்கோயில் வளாகம் கூட்டிப் பெருக்கப்பட்டு மறுநாள் வழிபாட்டிற்கு ஆயத்தமாவதைப் போன்றதே உறங்கும் உடலின் நிலையும்.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

உறக்கத்தை இரண்டு ஆற்றல்கள் நடத்துகின்றன. விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது மிகுந்தால் கண்கள் கனக்கும். உறங்கி எழுந்தால் அது கரைந்துவிடும். காப்பியிலும் தேநீரிலும் உள்ள காஃபின் இப்பொருளின் செயலை மறைத்து வைப்பதனாலேயே உறக்கம் கலைகிறது. உண்மையில் களைப்பு நீங்குவதில்லை. அது தெரியாமல் போகிறது. மாலையில் அருந்திய காப்பியின் காஃபினில் பாதியளவு, ஐந்து மணி நேரம் கழிந்த பின்னும் உடலில் தங்கியிருக்கக்கூடும்.

மற்றொன்று அகக்கடிகாரம். கண்களில் படும் ஒளியை அடையாளமாகக் கொண்டு மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஒரு சிறு மையம் உடல் முழுவதற்கும் பகல் இரவை உணர்த்துகிறது. இருள் சூழ்ந்ததும் பீனியல் சுரப்பி மெலடோனின் என்னும் இயக்குநீரைச் சுரந்து உறக்கத்திற்கு ஆயத்தம் செய்கிறது. ஒளி பட்டால் அச்சுரப்பு குறைகிறது. இக்கடிகாரம் செல்களுக்குள் இயங்கும் முறையைக் கண்டறிந்தமைக்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இரவில் நெடுநேரம் கைப்பேசியின் ஒளியைப் பார்த்திருப்போருக்கு உறக்கம் தள்ளிப்போவதும், வைகறையில் எழுந்து வெளிச்சத்தில் நடப்போருக்கு இரவில் எளிதில் உறக்கம் வருவதும் இதனாலேயே. விடியலில் எழுந்து கதிரவனை வணங்கும் பழக்கம் அகக்கடிகாரத்தைச் சீராக்குவதற்கும் உதவுகிறது.

நல்லுறக்கம் எது?

எட்டு மணி நேரம் படுத்திருந்தாலே நன்றாக உறங்கியதாகப் பலர் எண்ணுகின்றனர். நல்லுறக்கத்திற்கு மூன்று இலக்கணங்கள் உண்டு. முதலாவது போதிய அளவு. இரண்டாவது தொடர்ச்சி, அதாவது இடையிடையே கலையாமை. மூன்றாவது ஒழுங்கு, நாள்தோறும் ஏறத்தாழ ஒரே வேளையில் உறங்கி ஒரே வேளையில் எழுதல். இம்மூன்றும் பொருந்திய உறக்கத்திலிருந்து எழுபவர், காலையில் எவரும் எழுப்பாமலேயே தெளிவுடன் எழுவார். பகலில் அமர்ந்த இடத்தில் கண் அயரமாட்டார்.

தொடர்ச்சியின் பெருமையை 2009-ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு தெளிவாகக் காட்டியது. நலமாயிருந்த 153 பேரின் உறக்கத்தை இரு வாரங்கள் குறித்துக்கொண்டு, பின்னர் அவர்களின் மூக்கில் சளி நோய்க் கிருமி அடங்கிய சொட்டு மருந்து விடப்பட்டது. எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ உறங்கியோரைவிட, ஏழு மணி நேரத்திற்கும் குறைவாக உறங்கியோருக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. படுக்கையில் கிடந்த நேரத்தில் பெரும்பகுதியைக் கலையாமல் உறங்கியோரைவிட, விழித்தும் புரண்டும் கழித்தோருக்கு அவ்வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் அதிகமாக இருந்தது. உறக்கத்தின் அளவைப் போலவே அதன் தரமும் நோய் எதிர்ப்பு ஆற்றலைக் காக்கிறது என்பது இதனால் விளங்கும்.

உறக்கம் குறைந்தால் விளையும் கேடுகள்

உறக்கக் குறைவு முதலில் பசியைக் குலைக்கிறது. 2004-ஆம் ஆண்டில் சிகாகோவில் நிகழ்ந்த ஆய்வில், இளைஞர்கள் இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமே படுக்கையில் இருக்குமாறு செய்யப்பட்டனர். போதுமென்ற நிறைவைத் தரும் லெப்டின் என்னும் இயக்குநீர் 18 விழுக்காடு குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியது. இனிப்பும் மாவுப் பண்டங்களும் உண்ணும் ஆவல் அவர்களிடம் மிகுந்தது. இரவில் கண்விழிப்போர் நொறுக்குத் தீனியை நாடுவதும், நாளடைவில் உடல் பருப்பதும் இதனோடு தொடர்புடையவை.

உறக்கம் குறையும்போது உடல் இன்சுலினுக்குச் சரிவர இணங்குவதில்லை. ஆகவே நீரிழிவு நோய் வரும் வாய்ப்பு மிகுகிறது. நோய் உள்ளோருக்குச் சர்க்கரை கட்டுப்படுவதில்லை. இரவில் தணிய வேண்டிய இரத்த அழுத்தம் தணியாமல் இருந்தால் இதயமும் சிறுநீரகமும் மூளையின் இரத்தக் குழாய்களும் இடையறாத சுமையைத் தாங்க நேர்கிறது. அமெரிக்க இதயநலச் சங்கம் இதய நலத்தைக் காப்பதற்குக் கூறிவந்த ஏழு நெறிகளோடு, 2022-ஆம் ஆண்டில் உறக்கத்தை எட்டாவதாகச் சேர்த்தது.

மனத்திற்கு நேரும் கேடும் சிறிதன்று. காரணமற்ற சினம், மறதி, சோர்வு, ஆர்வமின்மை ஆகியவை தலைதூக்குகின்றன. நெடுநாள் உறக்கமின்மை மனச்சோர்வு நோய்க்கு வழிவகுக்கலாம்; மனச்சோர்வும் உறக்கத்தைக் கெடுக்கும். ஒன்றையொன்று வளர்க்கும் இவ்விரண்டையும் தொடக்கத்திலேயே கவனித்தல் வேண்டும்.

“குறைவாக உறங்கிப் பழகிவிட்டது, அதனால் கேடில்லை” என்போர் உண்டு. 2003-ஆம் ஆண்டில் பென்சில்வேனியா பல்கலைக்கழக அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு இவ்வெண்ணம் பிழையென்று காட்டியது. இரு வாரங்கள் நாள்தோறும் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ உறங்கியோரின் கவனமும் நினைவாற்றலும், இரண்டு இரவுகள் வரை முற்றிலும் உறங்காதவரின் நிலைக்கு இணையாகத் தாழ்ந்துபோயின. அவர்களோ தமக்குச் சிறிதளவே களைப்பு இருப்பதாகக் கருதினர். உறக்கக் குறைவுக்கு ஆளானவர் தம் குறையைத் தாமே அறிய முடியாமற்போவதே இதிலுள்ள பெருந்தீங்கு.

குறட்டை நல்லுறக்கத்தின் அடையாளமா?

உரத்துக் குறட்டை விடுபவரைப் பார்த்து, “அயர்ந்து உறங்குகிறார்” என்று வீட்டார் மகிழ்வதுண்டு. பல நேரங்களில் அது நோயின் அறிகுறியாகும். உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுக்குழலின் மேற்பகுதி அடைபடுகிறது. மூச்சு பத்து விநாடியோ அதற்கு மேலோ நின்றுபோகிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைந்ததும் மூளை திடுக்கிட்டு விழித்து மூச்சை மீட்கிறது. நோய் முற்றிய நிலையில் ஒரு மணி நேரத்தில் முப்பது முறைக்கும் மேலாக இது நிகழும். உறங்குபவருக்கோ காலையில் எதுவும் நினைவிருப்பதில்லை. இரவு முழுவதும் உறங்கியும் பகலில் கண் அயர்வது ஏன் என்றறியாமல் அவர் வருந்துவார்.

உரத்த குறட்டை, இடையில் திடீர் அமைதி, பின் திணறலுடன் எழும் பெருமூச்சு, காலையில் தலைவலி, வாய் உலர்தல், இரவில் அடிக்கடி சிறுநீர் கழித்தல், பகலில் அடங்காத உறக்கம் ஆகியவை இந்நோயின் அடையாளங்கள். உடல் பருமனும் தடித்த கழுத்தும் உடையோருக்கு இது மிகுதியாக வரும். ஆண்களுக்கே உரியது என்று எண்ணுதல் தவறு. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இது வரக்கூடும். கவனிக்காமல் விட்டால் இரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றுக்கு வழிகோலும்.

இதற்குச் சிகிச்சை உண்டு. எடை குறைத்தலும், ஒருக்களித்துப் படுத்தலும், மதுவை விலக்கலும் பலருக்கு நன்மை தரும். 1981-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் உருவாக்கிய முறைப்படி, மூக்கில் பொருத்தும் மூடியின் வழியே மெல்லிய அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தி மூச்சுக்குழல் அடைபடாமல் காக்கும் கருவி இன்று பரவலாகக் கிடைக்கிறது. நோய் உள்ளவர் தம் நிலையை அறியார். ஆகவே அருகில் உறங்கும் வாழ்க்கைத் துணையோ பிள்ளைகளோ கண்டுணர்ந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வது அவருக்குச் செய்யும் பேருதவியாகும்.

திருத்தலப் பயணமும் உறக்கமும்

விடுமுறை நாள்களில் குடும்பத்துடன் வேன் அமர்த்திக்கொண்டு பல தலங்களைத் தரிசிப்போர் பலர். நேரத்தை மிச்சப்படுத்தக் கருதி இரவில் பயணம் செய்து, பகலில் தரிசனம் முடித்து, மீண்டும் அன்றிரவே புறப்படுகின்றனர். பயணிகள் வண்டியில் உறங்கலாம். ஓட்டுநர் உறங்குவது எப்போது என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 50 மில்லி கிராம் மது கலந்தவரின் நிலைக்குத் தாழ்கிறது என்று 1997-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு தெரிவித்தது. நமது நாட்டுச் சட்டம் வாகனம் ஓட்டுவோருக்கு விதித்துள்ள வரம்பு 30 மில்லி கிராமே ஆகும். ஆகவே மதுவை மனத்தாலும் தீண்டாத ஓட்டுநரும், உறக்கம் இழந்தால் மது அருந்தியவரைப் போலவே வண்டி செலுத்த நேரிடும்.

கண்கள் திறந்திருக்கும்போதே மூளை சில விநாடிகள் உறங்கிவிடுவதும் உண்டு. மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நான்கு விநாடிகளில் ஏறத்தாழ 90 மீட்டர் தொலைவைக் கடந்துவிடும். அவ்வளவு தொலைவும் ஓட்டுநரின்றிச் சென்ற வண்டியாகவே அதனைக் கொள்ள வேண்டும். அகக்கடிகாரத்தின்படி உறக்கம் மிகுதியாக அழுத்தும் வேளைகள் இரண்டு. அவை நள்ளிரவு கடந்த இரண்டு மணி முதல் ஆறு மணி வரையும், பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரையும் ஆகும். இவ்வேளைகளில் ஓட்டுதலைத் தவிர்த்தல் நன்று.

சன்னலைத் திறந்து காற்று வாங்குவதும், பாட்டை உரக்க வைப்பதும், முகம் கழுவுவதும் சிறிது நேரமே பயன் தரும். உறக்கத்திற்கு உறக்கமே மருந்து. கண் அயர்வு தோன்றியதும் வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி 15 அல்லது 20 நிமிடம் உறங்கி எழுந்து செல்ல வேண்டும். அதன் பின்னும் அயர்வு நீங்காவிடில் பயணத்தை நிறுத்திவிடுவதே அறிவுடைமை.

பயணம் ஏற்பாடு செய்யும் குடும்பத் தலைவர் தங்கும் விடுதியில் அறை பதியும்போது ஓட்டுநர் படுப்பதற்கும் ஓரிடம் கேட்டுப் பெறுதல் வேண்டும். பகல் வெயிலில் வண்டியின் இருக்கையில் சாய்ந்துகிடப்பது உறக்கமாகாது. “சீக்கிரம் போகலாம்” என்று அவரை விரைவுபடுத்தாமல், “தூங்கி எழுந்து வாருங்கள்” என்று சொல்வது, உடன் வரும் அத்தனை உயிர்களையும் காக்கும் அறச்செயல்.

கண்விழிக்கும் விரத இரவுகள்

மகா சிவராத்திரியிலும் வைகுண்ட ஏகாதசியிலும் இரவு முழுவதும் விழித்திருந்து வழிபடுதல் நம் மரபு. உடல் நலமுள்ளோர் ஆண்டில் ஓரிரு இரவுகள் இவ்வாறு விழித்திருப்பதால் நிலையான கேடு விளைவதில்லை. எனினும் முதல் நாளிரவு நன்கு உறங்குதலும், இயலுமாயின் அன்று பிற்பகலில் சிறிது கண் அயர்தலும், மறுநாள் இரவு வழக்கத்திற்கு முன்னதாகவே படுத்தலும் உடல் விரைந்து சீர்பெற உதவும். கண்விழித்த மறுநாள் காலையில் இருசக்கர வாகனமோ காரோ ஓட்டிச் செல்லுதல் கூடாது.

நீரிழிவு, இதய நோய், வலிப்பு நோய் உடையோரும், கருவுற்ற தாய்மார்களும், முதியோரும் மருத்துவரைக் கேட்டே விழித்திருத்தல் வேண்டும். குறிப்பாக, வலிப்பு நோய் உடையோருக்கு உறக்கமின்மை வலிப்பைத் தூண்டிவிடும். இயலாதோர் ஒரு சாமம் மட்டும் வழிபட்டு இல்லம் திரும்புவதால் பக்தி குறைந்ததாகாது. விரதம் உடலை வருத்துவதற்கன்று. உள்ளத்தை இறைவன்பால் நிறுத்துவதற்கே.

எவருக்கு எவ்வளவு உறக்கம்?

அமெரிக்க உறக்க நல அறக்கட்டளை 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவுகள் வருமாறு:

பிறந்து மூன்று திங்கள் வரை – 14 முதல் 17 மணி நேரம்
4 முதல் 11 திங்கள் வரை – 12 முதல் 15 மணி நேரம்
1 முதல் 2 வயது வரை – 11 முதல் 14 மணி நேரம்
3 முதல் 5 வயது வரை – 10 முதல் 13 மணி நேரம்
6 முதல் 13 வயது வரை – 9 முதல் 11 மணி நேரம்
14 முதல் 17 வயது வரை – 8 முதல் 10 மணி நேரம்
18 முதல் 64 வயது வரை – 7 முதல் 9 மணி நேரம்
65 வயதும் அதற்கு மேலும் – 7 முதல் 8 மணி நேரம்

முதியோருக்கு உறக்கம் தேவையில்லை என்பது தவறான எண்ணம். வயது ஏற ஏற ஆழ்ந்த உறக்கம் குறைந்து, இடையில் விழிப்பு மிகுகிறது. தேவை பெரிதும் குறைவதில்லை. பருவ வயதுப் பிள்ளைகளின் அகக்கடிகாரம் இயல்பாகவே சற்றுப் பின்தள்ளி இயங்கும். அவர்கள் காலையில் எழத் தாமதிப்பதைச் சோம்பல் என்று மட்டும் கருதிவிடலாகாது. தேர்வுக்கு முந்தைய இரவில் விழித்துப் படிப்பதைவிட, படித்துவிட்டு உறங்குவதே பாடம் மனத்தில் தங்குவதற்கு உரிய வழி.

நல்லுறக்கம் பெறக் கடைப்பிடிக்க வேண்டியவை

1. விடுமுறை நாள் உட்பட நாள்தோறும் ஒரே வேளையில் எழுதல் வேண்டும். எழும் வேளை ஒழுங்குபட்டால் உறங்கும் வேளையும் தானே ஒழுங்குபடும்.

2. காலையில் சிறிது நேரம் வெளிச்சத்தில் நடத்தல் நன்று. கோயிலுக்கு நடந்தே சென்று வலம் வருவது உடற்பயிற்சியாகவும் அமையும்.

3. பிற்பகலுக்குப் பின் காப்பி, தேநீர் ஆகியவற்றைத் தவிர்த்தல் நலம்.

4. இரவு உணவை எளிமையாக, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னரே முடித்துக்கொள்ள வேண்டும்.

5. பகலுறக்கம் தேவைப்பட்டால் மூன்று மணிக்கு முன்பாக, அரை மணி நேரத்திற்கு மிகாமல் கொள்ளலாம்.

6. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் விலக்கி வைக்க வேண்டும். கைப்பேசியைத் தலைமாட்டில் வைக்காமல் வேறு அறையில் வைத்தல் சிறந்தது.

7. உறங்கும் இடம் இருளாகவும் அமைதியாகவும் காற்றோட்டமுள்ளதாகவும் இருத்தல் வேண்டும். விலையுயர்ந்த மெத்தை கட்டாயமன்று. தூய்மையான பாயும் கொசுவலையும் போதும்.

8. மறுநாள் பணிகளையும் கவலைகளையும் மாலையிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டால், படுக்கையில் அவை மனத்தை அலைக்கழிப்பது குறையும். படுக்கும் முன் கை கால் கழுவி, திருநீறோ திருமண்ணோ அணிந்து, இறைவன் திருநாமத்தை அமைதியாகச் சொல்வதும் மனத்தைத் தணிக்கும்.

9. படுத்து இருபது நிமிடம் ஆகியும் உறக்கம் வராவிடில் புரண்டுகொண்டே கிடக்கலாகாது. எழுந்து மங்கிய ஒளியில் அமைதியான செயல் ஏதேனும் செய்து, கண் அயர்ந்தபின் படுத்தல் வேண்டும். அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தல் கூடாது.

10. மது உறக்கம் தரும் என்பது மயக்கமே. அது விரைவில் கண்ணை மூடச் செய்து, பின்னிரவில் உறக்கத்தைக் கலைத்துவிடும்.

மருத்துவரை நாட வேண்டிய வேளை

வாரத்தில் மூன்று இரவுகளோ அதற்கு மேலோ உறக்கம் வராமல், மூன்று திங்கள் நீடித்தால் அது சிகிச்சைக்குரிய நோயாகும். பிறருக்கு எழுதித் தந்த உறக்க மாத்திரையைக் கடையில் வாங்கி உட்கொள்வது தீங்கு தரும். முதியோர் அவ்வாறு உட்கொண்டு இரவில் எழும்போது தடுமாறி விழுந்து எலும்பு முறிவுக்கு உள்ளாகின்றனர். உறக்கத்திற்குரிய பழக்கங்களையும் எண்ணங்களையும் சீர்படுத்தும் பேச்சுவழிச் சிகிச்சையையே நீண்டநாள் உறக்கமின்மைக்கு முதன்மையாக மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. மூட்டுவலி, இருமல், நெஞ்செரிச்சல், தைராய்டு குறைபாடு, மனக்கவலை முதலியவையும் உறக்கத்தைக் கெடுப்பவை. காரணத்தைக் கண்டு நீக்கினால் உறக்கம் தானே திரும்பும்.

இரவுப் பணி செய்யும் காவலர், செவிலியர், ஓட்டுநர், ஆலைத் தொழிலாளர் ஆகியோர் ஊர் உறங்குவதற்காகத் தம் உறக்கத்தைத் தருபவர்கள். பகலில் அவர்கள் உறங்கும்போது அறையை இருளாக்கி, வானொலியையும் தொலைக்காட்சியையும் தணித்து, கதவைத் தட்டுவோரைக் காத்திருக்கச் செய்வது இல்லத்தாரின் கடமை. கைக்குழந்தை உள்ள வீட்டில் இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்க்கும், நோயாளியின் அருகிருந்து கண்விழிப்போருக்கும், மற்றவர் முறைவைத்துத் துணை நின்று சில மணி நேரமேனும் தடையில்லாத உறக்கத்தைத் தருதல் வேண்டும். பசித்தவருக்குச் சோறிடுவதைப் போலவே களைத்தவரை உறங்கவிடுவதும் அறமாகும்.

உடலை இறைவன் உறையும் ஆலயமாகக் கருதுவது நம் சமயநெறி. அவ்வாலயத்தின் விளக்குகளை உரிய வேளையில் அணைத்து, உரிய வேளையில் ஏற்றிவருவோர் நோய் குறைந்து, தெளிந்த அறிவும் அமைந்த மனமும் பெற்று நெடிது வாழ்வர். அன்பர்கள் அனைவரும் இன்றிரவு முதலே உறங்கும் வேளையை ஒழுங்குபடுத்தி, இல்லத்திலுள்ளோரையும் அவ்வழி நடத்தி, எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் நலமெல்லாம் பெறுவார்களாக.